படையின் கால்கட்டு

படையெடுத்துச் செல்லும் சேனை தன்னுடன் கொண்டுபோகும் கூடாரம், தானியம், கருவிகள், அவற்றைச் சுமக்கும் விலங்குகள் ஆகிய அனைத்தையும் பண்டை ரோமானியர் ‘இம்பெடிமெண்டா’ என்ற ஒரே சொல்லால் குறித்தனர். இலத்தீனில் ‘பெஸ்’ என்றால் கால், ‘இம்பெடிரே’ என்றால் காலைச் சிக்கவைத்தல். அதிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் ஒருமையில் தடையையும், பன்மையில் படையின் மூட்டைமுடிச்சுகளையும் உணர்த்தியது. தமிழின் ‘கால்கட்டு’ இதற்கு வியக்கத்தக்க அளவு நெருங்கி வருகிறது. கட்டு அவிழ்ந்த காலைக் குறிக்கும் ‘எக்ஸ்பெடிட்டுஸ்’ என்பது சுமையின்றிப் போருக்கு ஆயத்தமாக நிற்கும் வீரனுக்குப் பெயராயிற்று. எக்ஸ்பெடிஷன் என்ற ஆங்கிலச் சொல்லும் இதே வேரிலிருந்து கிளைத்ததே.

வீரன் தன் தோளில் சுமந்த மூட்டைக்கு ‘சார்சினா’ என்று வேறு பெயர் இருந்தது. ஒரே கூடாரத்தில் தங்கிய 8 வீரர்களுக்குப் பொதுவான தோல் கூடாரத்தையும் தானியம் அரைக்கும் திரிகையையும் கோவேறு கழுதை சுமந்தது. இந்தப் பொதுச் சுமையே இம்பெடிமெண்டா. இது இல்லையெனில் இரவில் தங்க இடமில்லை, மறுநாள் உண்ண மாவில்லை. உயிர் காக்கும் பொருளுக்கே தடை என்று பெயரிட்டதில், படையின் வேகத்தை மட்டுமே எண்ணிக் கவலைப்பட்ட தளபதியின் பார்வை அப்படியே பதிந்திருக்கிறது.

அந்தக் கவலை வீணானதன்று. கி.மு. 57இல் சாபிஸ் ஆற்றங்கரையில், ரோமத் தளபதி சீசரின் ஒவ்வொரு லெஜியனுக்கும் (பல ஆயிரம் வீரர் கொண்ட படைப்பிரிவு) இடையே நீண்ட சுமைவரிசை வரும் என்று கேள்விப்பட்ட, ரோமரை எதிர்த்த நெர்வி இனத்தார், முதல் சுமைகள் கண்ணில் பட்டதுமே பாய்வதென்று முடிவுசெய்து காட்டில் பதுங்கியிருந்தனர். சீசரோ வரிசையை மாற்றி, 6 லெஜியன்களைச் சுமையின்றி முன்னே நடத்தி, மொத்தச் சுமையையும் அவற்றின் பின்னால் சேர்த்து, புதிதாகத் திரட்டிய 2 லெஜியன்களைக் கடைசியில் காவலாக நிறுத்தியிருந்தார். ஆயினும் தாக்குதல் திடீரென நிகழ்ந்ததால் ரோமர் அரும்பாடுபட்டே வென்றனர்.

சாதாரண வீரனுக்கு அதே சுமை எப்படித் தோன்றியது என்பதை கி.மு. 54ஆம் ஆண்டின் பேரழிவு காட்டுகிறது. ரோமரை எதிர்த்த இனத்தலைவன் அம்பியோரிக்ஸின் படையிடம் பள்ளத்தாக்கில் சிக்கிய சீசரின் துணைத்தளபதிகள் சபீனுஸும் கோட்டாவும், சுமைகளை விட்டுவிட்டு வட்டமாக அணிவகுக்குமாறு ஆணையிட்டனர். வீரர்களோ தம் கொடிகளைக் கைவிட்டு, அழுகையும் கூச்சலுமாக, தமக்கு அருமையான பொருள்களை எடுத்துக்கொள்ள அந்தச் சுமைகளை நோக்கி ஓடினர்.