தோலைப் படித்தால் கை பழகும்

ஓசூர் சிப்காட் பகுதியில் மைக்ரோமீட்டர் பிடித்துப் பழகிய கைகளுக்குப் பஞ்சமில்லை. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் பாகத்தை ஒதுக்கிவிடுபவர்கள் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் விடுமுறை நாளில் தோல் பர்ஸ் தைக்க உட்கார்ந்தால், அளவெல்லாம் சரியாக இருந்தும் பர்ஸ் கோணிக்கொள்ளும். மடித்தால் உள்பக்கம் மேடு தட்டும். கையில் குறையில்லை, பொருள்தான் புதிது. இரும்புத் தகடு எந்தத் திசையிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொள்ளும். தோலுக்கோ முதுகு, வயிறு, மேல்பக்கம், சதைப்பக்கம் என்று இடத்துக்கு இடம் குணம் மாறும். அந்தக் குணத்தைத் தெரிந்துகொள்வதே இந்தக் கைவேலையின் முதல் பாடம்.

முறுக்கிய மூன்று இழைகள்

தோலின் வலிமை கொலாஜன் என்ற புரதத்திலிருந்து வருகிறது. மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிய முப்புரிக் கயிறு போன்றது அதன் மூலக்கூறு. இந்த மும்மைச் சுருள் வடிவத்தை 1954-இல் முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். ஆய்வுக்கு வேண்டிய கொலாஜனை அவர்கள் பெற்றது அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து. கங்காரு வாலின் தசைநாணில் இருந்த கொலாஜன் அது. தோல் தொழிலுக்காகத் தொடங்கப்பட்ட நிறுவனம், உலகின் முக்கியமான உயிர்வேதியியல் கண்டுபிடிப்புகளில் ஒன்றுக்குத் துணைநின்றது. தமிழ்நாட்டில் தோலைத் தொடும் ஒவ்வொருவரும் பெருமையோடு நினைக்க வேண்டிய செய்தி.

இந்தக் கொலாஜன் இழைகள் முதுகுப் பகுதியில் நெருக்கமாகப் பின்னியிருக்கும். வயிற்றுப் பகுதியில் தளர்ந்திருக்கும். ஆகவே பர்ஸின் வெளித்தோலை முதுகுப் பகுதியில் வெட்டுங்கள். துண்டை இரு கைகளாலும் பிடித்து நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் இழுத்துப் பாருங்கள். குறைவாக நீளும் திசை பர்ஸின் நீளவாக்கில் அமையட்டும். பர்ஸ் சில மாதங்களில் தொளதொளத்துப் போகாமல் இருக்க இது உதவும்.

ஆவாரம்பட்டையும் குரோமும்

பச்சைத்தோல் ஈரத்தில் அழுகும், காய்ந்தால் விறைக்கும். கொலாஜன் இழைகளோடு வேறொரு பொருளைப் பிணைத்து அதை நிலைநிறுத்துவதுதான் பதனிடுதல். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மானாவாரி மேடுகளில் மஞ்சளாகப் பூக்கும் ஆவாரையின் பட்டையில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைந்திருக்கிறது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் வெயில் பட்டால் சிவக்கும் என்பதால் கடுக்காய்ச் சாற்றிலும் ஊறவைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறிய இந்தத் தோல், ‘ஈ.ஐ. தோல்’ (கிழக்கிந்தியத் தோல்) என்ற பெயரில் புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. தோல் வேலையைத் தலைமுறைகளாகக் கையில் வைத்திருந்தவர்களைச் சாதியின் பெயரால் ஊருக்கு வெளியே நிறுத்தியது நம் சமூகம். அவர்களுடைய அறிவு வேதியியல் அறிவு. அதை உரக்கச் சொல்லியாக வேண்டும்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்பவரின் முயற்சியால் சென்னையில் குரோம் பதனிடுதல் வந்தது. வேலை விரைவாக முடியும், தோல் மென்மையாக இருக்கும், வெந்நீரையும் தாங்கும். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வளர்ந்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு. பாலாறு கொடுத்த விலையும் பெரியது. தோல் கழிவு தொடர்பான வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில்தான், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை 1996-இல் உச்ச நீதிமன்றம் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது.

கையிலிருக்கும் துண்டு எந்த வகை என்று வீட்டிலேயே சோதிக்கலாம். சிறு துண்டைக் கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் போடுங்கள். பட்டையில் பதனிட்டது சுருண்டு இறுகும். நன்றாகக் குரோம் ஏறிய தோல் பெரிதும் மாறாது. பட்டைத் தோலின் டானின் சுமார் 80 டிகிரி செல்சியஸ் வரைதான் கொலாஜனைக் காக்கும். குரோமின் பிணைப்பு 100 டிகிரியிலும் தளராது.

தொழிற்சாலை வேலையிலிருந்து வருபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இரும்புத்தூள் ஒட்டிய வியர்வைக் கையோடு ஈரமான பட்டைத் தோலைத் தொட்டால் கருநீலப் புள்ளிகள் விழும். டானினும் இரும்பும் சேர்ந்து மையாக மாறுவதால் வரும் கறை இது, கழுவினால் போகாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தோலை எடுங்கள்.

மடிப்பின் கணக்கு

வங்கி அட்டையின் நீளம் 85.6 மி.மீ., அகலம் 54 மி.மீ. நீளத்தோடு தளர்ச்சிக்கு 2, இருபுறத் தையலுக்கு நான்கு நான்கு என்று சேர்த்தால் பர்ஸின் ஒரு பாதி சுமார் 96 மி.மீ. வரும். இரண்டு பாதி 192. 150 மி.மீ. நீளமுள்ள 500 ரூபாய் நோட்டு இதில் தாராளமாக அடங்கும்.

மேடு தட்டும் சிக்கலுக்கு விடை வட்டத்தின் கணிதத்தில் இருக்கிறது. பர்ஸை மடிக்கும்போது வெளித்தோல் பெரிய அரைவட்டத்திலும் உள்தோல் சிறிய அரைவட்டத்திலும் வளைகின்றன. இரண்டுக்கும் இடைவெளி 2 மி.மீ. என்றால் நீள வேறுபாடு அதன் 3.14 மடங்கு, அதாவது 6 மி.மீ.க்குச் சற்று மேல். உள்தோலை அந்த அளவு குறைத்து வெட்டினால் பர்ஸ் சீராக மடியும். அட்டைப் பைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் ஓரங்களைச் சதைப்பக்கம் பாதி கனத்துக்குச் சீவிவிட வேண்டும்; இல்லாவிட்டால் பர்ஸ் சட்டைப் பையில் புடைத்து நிற்கும்.

தையலும் ஓரமும்

தையல் இயந்திரத்தில் மேல்நூலும் கீழ்நூலும் தோலின் நடுவே கொக்கி போட்டுக்கொள்ளும். ஒரு தையல் அறுந்தால் பக்கத்துத் தையல்களும் தளரும். கைத்தையலில் மெழுகிட்ட ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டையும் எதிரெதிராக நுழைக்கிறோம். ஓரிடத்தில் அறுந்தாலும் மற்றப் பக்கத்து நூல் பிடித்துக்கொள்ளும். துளைகளின் இடைவெளி 3 முதல் 4 மி.மீ. இருக்கட்டும்.

கடைசி வேலை ஓரம். பட்டைத் தோலின் ஓரத்தை லேசாக நனைத்து மரத்துண்டால் வேகமாகத் தேய்த்தால், உராய்வின் சூட்டில் இழைகள் அழுந்தி ஒட்டிப் பளபளக்கும். குரோம் தோல் இப்படிப் படியாது. அதற்கு ஓரச் சாயம் பூச வேண்டும். தொடங்குபவர்கள் 1 முதல் 1.2 மி.மீ. கனமுள்ள பட்டைத் தோலை எடுப்பது நல்லது என்பதற்கு இதுவும் காரணம்.

கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வாணியம்பாடி. தோல் அங்கே இருக்கிறது. அளவறிந்த கைகள் ஓசூரில் இருக்கின்றன. நம் தொழிற்பயிற்சி நிலையங்களும் கல்லூரிகளும் இந்த இரண்டையும் ஒரே மேசைக்குக் கொண்டுவர வேண்டும். கற்க நினைப்பவர்கள் வெட்டுத் துண்டில் தொடங்குங்கள். முதலில் இரண்டு அட்டை வைக்கும் சிறு உறை, பிறகு பர்ஸ். குத்தூசியைத் தொடும் முன் தோலை வளைத்து, இழுத்து, நனைத்துப் பாருங்கள்.