மயிலின் மூவண்ணம்: பொன், நீலம், ஊதா
தோட்டத்து ஆலயத் திருப்பணியில் கற்ற பாடம்

கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்பது ஆன்றோர் வாக்கு. நெகிரி செம்பிலான் மாநிலத்துத் தோட்டங்களின் வழியே பயணம் செய்யும் அன்பர்களுக்கு, செம்பனை மரங்களின் பச்சைக்கு இடையே எழும் கோபுரத்தின் வண்ணமே, "இங்கே நம் தெய்வம் குடியிருக்கிறது" என்று முதலில் அறிவிக்கிறது. ஆகவே, ஆலயத்துக்குச் சாயம் தேர்வது வெறும் அலங்காரக் காரியமன்று. அதுவும் ஒரு வழிபாடே.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் ஆலயத் திருப்பணியின்போது, பஞ்சவர்ணமே வேண்டும் என்றனர் பெரியோர். இளைஞர்களோ பொன், நீலம், ஊதா ஆகிய மூன்றையே முதன்மையாகத் தீட்டக் கேட்டனர். "முருகனின் மயிலைப் பாருங்கள், அதில் இந்த மூன்றும்தானே மின்னுகின்றன?" என்பது அவர்கள் வாதம். ஊதாப் பட்டில் பொன் சரிகை ஓடும் அழகை அறியாத தமிழர் உண்டோ? நிர்வாகம் இசைந்தது. செயலாளர் என்ற முறையில் வண்ண அட்டையில் ஒப்பமிட்டவன் அடியேனே.

பொன்

பொன் நிறம் இறைமையின் ஒளி. முதலாம் பராந்தகச் சோழன் தில்லைச் சிற்றம்பலத்துக்குப் பொன் வேய்ந்த செய்தியை வரலாறு போற்றுகிறது. நம் நாட்டில் 2006ஆம் ஆண்டு திறப்பு விழாக் கண்ட பத்துமலை முருகன் சிலை 140 அடி உயரமுடையது. அதற்குத் தாய்லாந்திலிருந்து தருவித்த பொன் வண்ணம் சுமார் 300 லிட்டர்.

சிறிய ஆலயங்கள் இங்கே ஒன்றை அறிய வேண்டும். தங்கத் தகடு கறுப்பதில்லை. ஆனால் மலிவான பொன் வண்ணம் பலவற்றில் இருப்பது செம்பும் துத்தநாகமும் கலந்த தூள். நம் நாட்டு மழையிலும் ஈரத்திலும் அது விரைவில் மங்கிக் கறுத்துவிடும். எனவே பொன்னைச் சுவரெங்கும் பூசாமல் கலசம், கிரீடம், அணிகலன், வேல் ஆகியவற்றுக்கு மட்டும் வைப்பதே சிறப்பு. சிறிதளவு பொன்னே பெரிதாக ஒளிரும்.

நீலம்

நீலம் திருமாலின் திருமேனி, நீலகண்டனின் கண்டம். ஆப்கானிஸ்தானத்து மலைகளில் வெட்டிய நீலக்கல்லை அரைத்துச் செய்த வண்ணம் முற்காலத்தில் பொன்னுக்கு நிகரான விலை பெற்றிருந்தது. அந்நீலத்தைச் செயற்கையாகச் செய்யும் முறையைப் பிரான்சு நாட்டுக் கிமே என்பவர் 1820களில் கண்டறிந்தார். அதன் பிறகே அது ஏழையின் கைக்கும் எட்டியது. வெள்ளைத் துணிக்கும், லயத்துச் சுவருக்கு அடித்த சுண்ணாம்புக்கும் நம் தாய்மார் கலந்த நீலம் அதன் வழிவந்ததே.

புதிய சிமெண்டிலும் சுண்ணாம்பிலும் உள்ள காரம் சிலவகை நீலங்களை அரித்துவிடும். சுதை வேலை முடிந்து 4 வாரமாவது உலரவிட்டு, காரத்தைத் தாங்கும் அடிப்பூச்சு கொடுத்த பின்னரே வண்ணம் தீட்ட வேண்டும். விழா நாள் நெருங்கிவிட்டதென்று அவசரப்பட்டால் பணமும் உழைப்பும் வீணாகும்.

ஊதா

பரத முனிவரின் நாட்டிய சாஸ்திரம் வெண்மை, நீலம், மஞ்சள், சிவப்பு ஆகிய நான்கையே மூல வண்ணங்களாகக் கூறுகிறது. கத்திரிப்பூவின் ஊதா, நீலமும் சிவப்பும் கலந்து பிறப்பது. 1856ஆம் ஆண்டு இலண்டனில் 18 வயது பெர்கின் என்னும் மாணவர், மலேரியாக் காய்ச்சலுக்குரிய கொயினா மருந்தைச் செயற்கையாகச் செய்ய முயன்றார். மருந்து கிட்டவில்லை, ஊதாச் சாயம் கிட்டியது! அதே காய்ச்சலுக்குத் தோட்டங்களில் நம் முன்னோர் எத்தனை பேர் பலியாயினர் என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

ஊதா வகைகள் சில கடும் வெயிலில் வெளுத்துவிடும். வெளிச்சுவருக்கு உகந்ததா என்று கேட்டறிந்தே வாங்க வேண்டும். ஆடை மடிப்பு, மாடத்தின் உட்பகுதி, பீடத்தின் விளிம்பு ஆகிய இடங்களில் தீட்டினால், அதன் அருகே பொன் மேலும் பொலிவு பெறும்.

பாட்டி கேட்ட கேள்வி

எங்கள் ஆலயத்தில் சாரத்தின் ஒரு பகுதி பிரிக்கப்பட்ட அன்று, நாற்பது ஆண்டுகள் பால்மரம் சீவிய பாட்டி ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். "ஐயா, இது பெருமாளா, நம்ம முருகனா?" என்று கேட்டார். அடியேன் வெட்கித் தலைகுனிந்தேன். மூவண்ண ஆசையில் முருகனின் திருமேனிக்கே நீலம் தீட்ட இசைந்திருந்தோம். அவனோ செவ்வேள், சேயோன், சிவந்த மேனியன். நீலம் மயிலுக்கு உரியது.

அன்றிரவே நிர்வாகம் கூடியது. திருமேனிக்குச் செந்நிறம், மயிலுக்கு நீலமும் ஊதாவும், வேலுக்குப் பொன் என்று திருத்தினோம். செலவு கூடியது உண்மை. ஆனால் இளைஞர்களே தங்களுக்குள் நிதி திரட்டி அதை ஈடுகட்டினர். பெரியோரும் மூவண்ணத்தை மனமார ஏற்றனர்.

திருப்பணியில் ஈடுபடும் அன்பர்களுக்கு எங்கள் விண்ணப்பம் இதுவே: முதலில் ஒரு சிறு பகுதியில் தீட்டி, உச்சி வெயிலிலும் அந்தி ஒளியிலும் தொலைவிலிருந்து பாருங்கள். முதியோரை அழைத்துக் காட்டுங்கள். வண்ணங்களின் பெயரையும் எண்ணையும் ஆலயக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அடுத்த தலைமுறைக்கு அது உதவும்.

தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த நம் பிள்ளைகள் திருவிழாவுக்குத் திரும்பி வருகிறார்கள். லயங்கள் இல்லை, பால்மரங்களும் இல்லை. அவர்கள் அடையாளம் கண்டு கைகூப்ப எஞ்சியிருப்பது ஆலயமே. பாட்டி வணங்கிய முருகனைப் பேரனும் அதே முருகனாக அறிந்து வணங்க வேண்டும். வண்ணத் திருப்பணியின் பயன் அதுவே.