மேல்தளத்தில் ஓதம்

நெட்டப்பாக்கம், பாகூர் வட்டாரங்களில் மாடி வீடுகள் பலவற்றின் மேல்தளத்தில், கான்கிரீட்டுக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த அடுக்கு ஒன்று உண்டு. அதன்மேல் தட்டோடு பதித்திருப்பர். மழைநீர் வடியச் சாய்வு தருவதே இதன் வேலை எனப் பலர் எண்ணுகின்றனர். சித்திரை வெயில் வீட்டுக்குள் இறங்காமல் காப்பதும் இவ்வடுக்கே.

எவ்வாறு? செங்கல் துண்டுகளின் நுண்துளைகளில் அசையாமல் நிற்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. தட்டோட்டு இணைப்புகள் விரிசல் விட்டால், நீர் புகுந்து அக்காற்றை வெளியேற்றிவிடும். நீரின் வெப்பங்கடத்துதிறன் காற்றினுடையதைப்போல் சுமார் 24 மடங்கு. ஆகவே நனைந்த அடுக்கு நல்ல காப்பாக இராது. நீர் மேலும் இறங்கினால் கம்பிகள் துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால் கான்கிரீட்டைப் பிளக்கும். கீழே உறங்குவோர்மீது காரை பெயர்ந்து விழலாம். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. அத்தகைய மழைக்கு மயிரிழை விரிசலே போதும்.

பனி பொழியும் நாடுகளில் ஈரம் வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது. தமிழர் பலர் வாழும் கனடாவின் டொரான்டோ நகரை எடுத்துக்கொள்வோம். 20 டிகிரி செல்சியஸில் ஒரு கனமீட்டர் காற்றில் ஏறத்தாழ 17 கிராம் நீராவி இருக்க முடியும். 0 டிகிரியிலோ 5 கிராம்தான். சமையலாலும் குளியலாலும் ஈரமான வீட்டுக் காற்று சுவருக்குள் கசிந்து குளிரும்போது, மிகுதி நீர் அங்குள்ள கண்ணாடி இழைப் பஞ்சில் படிகிறது. எனவே அங்கு நீராவித் தடுப்புத் தாளைச் சுவரின் வெப்பமான உட்புறத்தில் பொருத்துகின்றனர். நமக்கு ஈரம் மேலிருந்து வருவதால், தடுப்பும் மேலேயே வேண்டும்.

ஆனால் ஈரம் உள்ளிருக்கும்போதே மேலே சிமெண்டோ வண்ணமோ பூசலாகாது. வெயிலில் ஆவியாகும் நீர் வழியின்றிப் பூச்சைக் கொப்பளிக்கச் செய்யும். எஞ்சியது கீழே கசியும்.

பங்குனி, சித்திரையில் தட்டோடுகளைத் தட்டிப் பாருங்கள். வெற்றொலி எழும் இடத்தில் ஓடு பிடிப்பு விட்டிருக்கும். அதையும் இளகிய ஜல்லியையும் அகற்றி, சில நாள் காயவிடுங்கள். பின்னர் ஒரு பாலிதீன் தாளை விரித்து, ஓரங்களை ஒட்டுநாடாவால் ஒட்டி ஓரிரவு விடுங்கள். காலையில் தாளின் அடியில் நீர்த்துளிகள் இருந்தால் இன்னும் காய வேண்டும் என்பது பொருள். நன்கு காய்ந்தபின் துருப்பிடித்த கம்பியைச் சுரண்டிச் சீர்செய்து, ஜல்லியிட்டு ஓடு பதித்து, இணைப்புகளை அடைக்கலாம். கைப்பிடிச்சுவர் ஓரத்தில் முளைத்த அரசங்கன்றை வேரோடு களைவதும், ஐப்பசிக்கு முன் மழைநீர்க் குழாயின் வாயைத் துப்புரவு செய்வதும் ஆண்டுதோறும் தவறாமல் செய்யவேண்டியவை.