எடிட்டிங்கிற்கு முன் வீடியோவை மாற்றுவது ஏன்?

நிக்காஹ் நிகழ்ச்சியை வீட்டுப் பிள்ளைகளே செல்போனில் படம்பிடித்து எடிட் செய்வது இன்று சாதாரணமாகிவிட்டது. ஆனால் மென்பொருளில் போட்டதும் படம் விட்டுவிட்டு ஓடுகிறது. சில நேரம் உதட்டசைவும் குரலும் பொருந்துவதில்லை. கணினி பழசு என்று பலரும் முடிவு செய்கிறார்கள். பெரும்பாலும் காரணம், வீடியோ பதிவான விதம்தான்.

செல்போன்கள் இடத்தை மிச்சப்படுத்த ஹெச்.264, ஹெச்.265 முறைகளில் வீடியோவைச் சுருக்கிப் பதிகின்றன. இதில் ஒரு ஃப்ரேம் முழுப் படமாக இருக்கும். அடுத்து வருபவற்றில் பெரும்பாலும் மாற்றங்கள் மட்டுமே இருக்கும். கடைக் கணக்கில் இருப்பை எழுதாமல் வரவு செலவை மட்டும் எழுதி வந்தால், ஒரு நாளின் இருப்பை அறிய முந்தைய பக்கங்களைப் புரட்டிக் கூட்டவேண்டும் அல்லவா? எடிட் செய்யும்போது நாம் நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் கணினி இப்படித்தான் கணக்குப் போடுகிறது. அதனால் திணறுகிறது.

ஆப்பிளின் புரோரெஸ், அவிட் நிறுவனத்தின் டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் ஆகியவற்றில் ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்து நிற்கும். வீடியோவை இப்படி வேறொரு முறைக்கு மாற்றுவதே டிரான்ஸ்கோடிங். ஷட்டர் என்கோடர் என்ற இலவச மென்பொருளில் இதைச் செய்யலாம்.

இதற்கு இடம் அதிகம் தேவை. ஐபோனில் 1080பி, 30 ஃப்ரேம் வேகத்தில், ஹெச்.265 முறையில் எடுத்த 1 மணி நேர வீடியோ சுமார் 3.6 ஜிபி, அதையே புரோரெஸ் 422க்கு மாற்றினால் சுமார் 66 ஜிபி ஆகும். இடம் இல்லாதவர்கள் ‘ப்ராக்ஸி’ எனும் சிறிய நகலை வைத்து எடிட் செய்யலாம். இறுதி வீடியோ அசலிலிருந்தே உருவாகும். டாவின்சி ரிசால்வ், பிரீமியர் புரோ இரண்டிலும் இந்த வசதி உண்டு.

குரல் விலகுவதற்குக் காரணம் வேறு. பல செல்போன்கள் வெளிச்சத்திற்கேற்ப ஃப்ரேம் வேகத்தைக் கூட்டிக் குறைக்கின்றன. மாற்றும்போது ‘கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இரண்டு விஷயங்களை மறக்க வேண்டாம். மாற்றுவதால் படத்தின் தரம் கூடாது. மங்கலாக எடுத்தது மங்கலாகவே இருக்கும். உறவினர் எடுத்ததை வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக வாங்கினால் அது மேலும் சுருங்கியே வரும். கேபிள் அல்லது பென்டிரைவ் வழியாக அசலையே வாங்குங்கள்.

மாற்றி முடித்ததும் அசலை அழித்துவிடாதீர்கள். வேறொரு ஹார்ட் டிஸ்க்கிலும் ஒரு பிரதி இருக்கட்டும். துஆ ஓதிய பெரியவரின் குரல் மீண்டும் பதிவு செய்யக் கிடைக்காமல் போகலாம். அந்தப் பதிவு குடும்பத்தின் அமானிதம்.