ஒருவர் கையிலிருந்து பலர் பொறுப்புக்கு: ஜெர்மனியின் முனைவர் பட்டப் பயிற்சி

முனைவர் பட்ட ஆய்வை நெறிப்படுத்தும் பேராசிரியரை ஜெர்மானியர் 'டோக்டர்ஃபாட்டர்' என்பர். 'முனைவர் பட்டத் தந்தை' என்பது அதன் நேர்ப்பொருள். உஸ்தாதைத் தந்தையின் இடத்தில் வைத்துப் போற்றும் நமக்கு இச்சொல்லின் உட்பொருளை விளக்க வேண்டியதில்லை. 1810இல் பெர்லின் பல்கலைக்கழகம் நிறுவப்பட்ட பின்னர், ஆய்வையும் கற்பித்தலையும் ஒன்றிணைத்த ஜெர்மானியக் கல்விமுறை பிற நாட்டு மாணவர்களைக் கவர்ந்தது. அமெரிக்காவின் முதல் முனைவர் பட்டங்களை 1861இல் யேல் பல்கலைக்கழகம் வழங்கியபோது, அம்முன்மாதிரியே கண்முன் நின்றது.

அம்முறையில் பாடத்திட்டம் இல்லை, வகுப்புகளும் இல்லை. மாணவர் ஒரு பேராசிரியரை அணுகுவார். அவர் இசைந்தால் ஆய்வு தொடங்கும். தனித்துச் சிந்திக்கும் சுதந்திரமே இதன் சிறப்பு. ஆனால், அத்தந்தை நேரம் ஒதுக்காவிடினும், கருத்து வேறுபாடு முற்றினும், மாணவருக்கு வேறு புகலிடம் இல்லை. வழிகாட்டியவரே பெரும்பாலும் மதிப்பீட்டாளராகவும் அமர்வதால், முறையிடவும் அவர் அஞ்சுவார்.

இக்குறையைக் களைய எழுந்ததே கட்டமைக்கப்பட்ட ஆய்வுப் பயிற்சி. ஜெர்மன் ஆய்வு அறக்கட்டளை 1990 முதல் 'கிராடுவியர்ட்டன்கொல்லெக்' எனும் ஆய்வுப் பயிற்சிக் குழுமங்களுக்கு நிதி வழங்கி வருகிறது. ஒரு பொதுப்பொருளைச் சுற்றிப் பேராசிரியர் பலர் ஒன்றுகூடி, மாணவர் குழுவொன்றைக் கூட்டாகப் பயிற்றுவிப்பர். ஒரு குழுமத்திற்கு அதிக அளவாக ஒன்பது ஆண்டுகள் நிதி கிடைக்கும். ஐரோப்பிய நாடுகள் 2003இல் பெர்லினில் கூடி, முனைவர் படிப்பை உயர்கல்வியின் மூன்றாம் கட்டமாக ஏற்றன. 2005இல் வகுக்கப்பட்ட சால்ஸ்பர்க் கொள்கைகள் பத்தும், முழுநேர ஆய்வுக்கு மூன்று அல்லது நான்கு ஆண்டுகளைப் பொருத்தமான காலமாகக் குறித்தன. மாணவர், நெறியாளர், நிறுவனம் ஆகிய மூவரின் பொறுப்புகளும் வெளிப்படையாக வரையறுக்கப்படுதல் வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று.

நடைமுறை பெரும்பாலும் இவ்வாறு அமைகிறது: இடங்கள் பொது அறிவிப்பின் வழி நிரப்பப்படும், ஆய்வுத் திட்டத்தை ஒரு குழு பரிசீலித்து நேர்காணல் நடத்தும். சேர்ந்தபின் ஆய்வுமுறையியல் வகுப்புகளும் கருத்தரங்குகளும் உண்டு. நெறியாளர் இருவரோ மூவரோ இருப்பர். அவர்களுக்கும் மாணவருக்கும் இடையே எழுத்து வடிவில் மேற்பார்வை ஒப்பந்தம் கையெழுத்தாகும். மாணவர் குறித்த காலத்தில் முன்னேற்ற அறிக்கை அளித்து, எழுதிய இயல்களைக் குழுவினர் முன் வைத்து வினாக்களுக்கு விடையிறுப்பார்.

2007இல் ஜெர்மன் அரசின் சீர்மிகு திட்டத்தின் கீழ்த் தேர்வான, முஸ்லிம் பண்பாடுகளையும் சமூகங்களையும் ஆராயும் பெர்லின் ஆய்வுப் பள்ளி இவ்வகையைச் சார்ந்தது. சுதந்திரப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட இப்பள்ளியில் இஸ்லாமியவியல், வரலாறு, மானிடவியல் முதலிய துறையினர் ஒன்றுகூடினர். அரபு மூலங்களை ஆராய்பவரும் களஆய்வு செய்பவரும் ஒரே அவையில் ஒருவரையொருவர் வினவ நேரும்போது இருவரும் பயனடைவர்.

பலர் கண்பார்வையின் தேவையை 2011ஆம் ஆண்டு நாடறியச் செய்தது. பிறர் எழுத்தை உரிய குறிப்பின்றி எடுத்தாண்டமைக்காக, பாதுகாப்பு அமைச்சர் குட்டன்பெர்க்கின் முனைவர் பட்டத்தைப் பைரொய்த் பல்கலைக்கழகம் திரும்பப் பெற்றது. அவர் பதவி விலகினார். மிக உயர்ந்த தகுதிநிலையுடன் ஏற்கப்பட்ட ஆய்வேடு அது!

எனினும், கட்டமைப்பு எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. உதவித்தொகை பெரும்பாலும் மூன்றாண்டுகளில் முடியும். கையெழுத்துப் படிகளைத் தேடவும் புதிய மொழி கற்கவும் வேண்டிய மாணவருக்கு அக்காலம் போதாது. வகுப்புகளும் அறிக்கைகளும் எழுதும் நேரத்தை விழுங்குவதாக மாணவர் முறையிடுவதும் உண்டு. இன்றும் ஜெர்மனியில் தனி ஆசிரியரின் கீழ் பட்டம் பெறுவோரே மிகுதி.

ஆதலால், அங்குச் செல்ல விழையும் நம் இளைஞர்கள் பல்கலைக்கழகத்தின் பெயரோடு நின்றுவிடலாகாது. நெறியாளர் எத்தனை பேர், ஒப்பந்தம் உண்டா, நிதி எத்தனை ஆண்டுகளுக்கு, பிணக்கு நேர்ந்தால் யாரை அணுகுவது என்னும் நான்கு கேள்விகளுக்கும் புறப்படுமுன் விடை பெறுதல் நலம். நல்லாசிரியர் வாய்ப்பது நற்பேறு. அப்பேறு வாய்க்காத மாணவரும் கைவிடப்படாதிருக்கவே இந்த ஏற்பாடு.