உங்களுக்குத் தெரியுமா?

உலகின் தலைசிறந்த பாப் ஆல்பங்களில் ஒன்றை உருவாக்கியவருக்கு ஒரு காதுதான் சரியாகக் கேட்டது!

• ‘பீச் பாய்ஸ்’ குழுவின் ‘பெட் சவுண்ட்ஸ்’ (1966). இசையமைத்துத் தயாரித்த பிரையன் வில்சனுக்கு வலது காது ஏறக்குறைய செவிடாக இருந்தது. ஆகவே ஆல்பம் மோனோவில்தான் (ஒற்றைத் தட ஒலி) உருவானது. முழு ஸ்டீரியோ (இரட்டைத் தட ஒலி) வடிவம் வர 1997 ஆனது. எது அசல் என்று ரசிகர்களுக்குள் இன்றும் அடிதடி. மூத்தவர்கள் கட்சி மோனோ; நம் ஓட்டும் அதற்கே.

• இன்னொரு சண்டை, ‘ஸ்லூப் ஜான் பி’ பாட்டு. கரீபியன் நாட்டுப்பாடலுக்கு இந்த ஆல்பத்தில் என்ன வேலை என்பார்கள் சிலர்.

• சொந்த நாடான அமெரிக்காவின் விற்பனைப் பட்டியலில் ஆல்பம் 10-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. பிரிட்டனில் 2-ஆம் இடம். பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னியே பரம ரசிகர்! ‘ரோலிங் ஸ்டோன்’ இதழின் 2020 பட்டியலில் எக்காலத்துக்குமான சிறந்த ஆல்பங்களில் இரண்டாவது.

• கடைசிப் பாட்டு முடிந்ததும் அணைத்துவிடாதீர்கள். ரயில் ஓசையோடு குரைப்பவை பிரையனின் சொந்த நாய்கள்: பனானா, லூயி.