பழைய அலுமினியம்: ஜன்னலுக்கு ஆகும், சட்டிக்கு ஆகாது



ஓட்டை விழுந்த தேக்சா, நெளிந்த தட்டு, கழற்றிப் போட்ட ஜன்னல் சட்டம் என்று நம் வீடுகளில் அலுமினியம் எவ்வளவோ முடங்கிக் கிடக்கிறது. அதைக் குப்பையில் எறிவது வீண்விரயம். பிரித்துக் கொடுத்தால், ஜன்னலும் கதவும் செய்து பிழைக்கும் தொழிலாளிகளுக்கு அது மூலப்பொருளாகத் திரும்பி வரும்.

பாக்சைட் தாதுவிலிருந்து வரும் அலுமினாவை ஒரு கிலோ அலுமினியமாக்கச் சுமார் 14 யூனிட் மின்சாரம் செலவாகிறது. பழையதை உருக்குவதற்கோ, புதிதாக எடுக்க ஆகும் எரிசக்தியில் ஏறத்தாழ 5 சதவீதமே போதும்.

காயலாங்கடையில் இதைத் தரம் பிரிப்பதற்குக் காரணம் உண்டு. ஜன்னல் சட்டத்தில் மக்னீசியமும் சிலிக்கானும் சிறிதளவே கலந்திருக்கும். அதை உருக்கி (அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும்), கசடு நீக்கி, உருளைக் கட்டிகளாக வார்ப்பார்கள். கட்டியை மறுபடி சூடாக்கி எஃகு அச்சின் வழியே அழுத்தித் தள்ளினால், கடைகளில் 'செக்ஷன்' என்று விற்கும் நீளச் சட்டம் தயார். வண்டி இன்ஜின் பாகங்களில் சிலிக்கான் அதிகம். அவை கைப்பிடி, கேட் அலங்காரம் போன்ற வார்ப்பு வேலைகளுக்குப் போகும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லாப் பழைய உலோகத்தையும் ஒன்றாக உருக்கிச் சமையல் பாத்திரம் வார்ப்பது ஆபத்து. கேமரூன் நாட்டில் அப்படிச் செய்த பாத்திரங்களைச் சோதித்தபோது, அவற்றிலிருந்து ஈயம் கசிவது தெரியவந்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். எதிலிருந்து செய்தது என்று தெரியாத வார்ப்புச் சட்டியை, விலை குறைவு என்பதற்காக வாங்காதீர்கள்.

எனவே நாங்கள் கேட்டுக்கொள்வது:

1. காந்தம் வைத்துப் பாருங்கள். அலுமினியம் ஒட்டாது. இரும்பு ஆணி, திருகு இருந்தால் கழற்றிவிடுங்கள். இரும்பு கலந்தால் வார்ப்பு எளிதில் உடையும்.

2. வலிமா விருந்தில் மிஞ்சும் ஃபாயில் டப்பாக்களைக் கழுவிக் காயவைத்து, ஒன்றாக அழுத்திக் கொடுங்கள். மெல்லிய தாள் தனித்தனியே போனால் உலையில் பெரும்பகுதி கசடாகிவிடும்.

3. மூடிய ஸ்பிரே டப்பாக்களைச் சேர்க்காதீர்கள். அவை உலையில் வெடிக்கும். ஈரமும் அப்படியே: உருகிய உலோகத்துக்குள் தண்ணீர் அகப்பட்டால் நொடியில் ஆவியாகி உலோகத்தை வாரி இறைக்கும்.

4. இதே காரணத்தால் வீட்டிலோ கொல்லையிலோ உருக்கிப் பார்க்க வேண்டாம்.

பிரித்துக் கொடுத்தால் உங்களுக்கும் நல்ல விலை. உலையில் நிற்கும் தொழிலாளியின் உயிருக்கும் பாதுகாப்பு.